பாலில் குற்றமில்லை

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிறங்கிப் போன மறுநாள், சத்திரத்துக் கொல்லையில் அண்டாக்களும் தவலைகளும் குவிந்து கிடந்தன. மணியம்மை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது முதுகும் காலும்தான். புளிச் சக்கையில் செங்கல் பொடியைத் தொட்டு அவள் தேய்த்தால் பித்தளை அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்ததுபோல ஆகிவிடும். சத்திரத்து ஏஜெண்டு யாரையும் வாயாரப் புகழ்கிற ஆள் இல்லை. அவரே யாத்திரைக்காரர்களிடம் அண்டாவைக் காட்டி, "மூஞ்சி பாத்துக்கலாம்" என்று பெருமையடித்துக்கொள்வார். பெருமை அவருக்கு, நகக்கண்ணில் எரிச்சல் மணியம்மைக்கு.

"ஏ மணியம்மா! செத்த வெளிய வா."

கெங்கம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. ஒரு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். மணியம்மை வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அவள் பிள்ளை தணிகாசலம் கெங்கம்மாள் இடுப்பில்தான் இருப்பான்.

"காத்தாலேர்ந்து அழுதுகினே இருக்கறான். பாலு வெச்சா துப்பறான். வயித்தத் தொட்டா வீல்னு கத்தறான்."

மணியம்மை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றை அமுக்கினாள். வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக, ஓரம் கூராக, ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அவள் விரலுக்கு அது புதிதில்லை. குழந்தையை வெயிலுக்குத் திருப்பி இமையை விலக்கிப் பார்த்தாள். வெள்ளை விழியில் மஞ்சள் ஏறியிருந்தது.

"குலைக்கட்டி" என்றாள். ஈரல் வீங்கிக் கல்லாகிப்போகிற, பிள்ளைகளுக்கு வருகிற நோய். பெரியவள் பத்மாவும் இப்படித்தான் தொடங்கினாள். சிணுங்கல், பிறகு வயிறு, பிறகு மஞ்சள், பிறகு மண்.

கெங்கம்மாள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "இல்லாத ஊட்டுப் புள்ளைங்க கூழக் குட்ச்சிட்டு மண்ணுல பொரண்டுகினு கல்லு மாரி கீதுங்க. உன் புள்ளைக்கு இன்னாடி கொற? வேளா வேளைக்குப் பாலு" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அது உண்மைதான். மணியம்மையின் புருஷன் பரசுராமன் ரயில்பாதையில் கேங்கு வேலை பார்த்தான். மாதம் பிறந்தால் சம்பளம் என்கிற உத்தியோகம் அந்தத் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான். பத்மா பிறந்தபோது, என் பிள்ளை பால் குடித்து வளரும் என்று சொல்லி, கிருத்திகைக் கடையில் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி, அதில் 'பத்மா' என்று பெயர் வெட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் மற்றதெல்லாம் மண் சட்டி. பெரியவர்கள் மண் சட்டியில் தின்றார்கள். பிள்ளையின் பால் மட்டும் சொம்பில் காய்ந்து, அந்தச் சொம்பிலேயே சாயங்காலம் வரைக்கும் இருந்து, வேளாவேளைக்குப் பாலாடைச் சங்கில் ஊற்றிப் புகட்டப்பட்டது. பிள்ளை பெற்ற கையோடு சத்திரத்து வேலைக்கு ஓடியதால் மணியம்மைக்கு மார்பில் பால் கட்டி வற்றிப்போயிருந்தது. சொம்புதான் தாய்.

சொம்பின் உள்ளே முதலில் ஈயப்பூச்சு இருந்தது. ஊரார் அண்டாவையே பளபளக்க வைக்கிறவள் சொந்தப் பிள்ளையின் சொம்பைச் சும்மா விடுவாளா? தினமும் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில், பத்மா தவழ்வதற்குள்ளேயே பூச்சு கரைந்து, உள்ளேயும் மஞ்சள் தகடு தெரிந்தது. அரக்கோணத்திலிருந்து ஈயம் பூச வருகிற சத்தார் பாயிடம் அதை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கையை விரித்தார்.

"வெள்ளீயம் எங்கம்மா கீது? கடலுக்கு அந்தாண்டேர்ந்து வரணும். அந்த ஊரையெல்லாம் ஜப்பான்காரன் புட்சிகினான். இருக்கறதும் பட்டாளத்துக்குப் போவுது. என் துருத்தியே எலி கட்ச்சிப் போட்டுக் கெடக்குது."

"அப்ப சொம்பு இன்னா பாய் பண்றது?"

"புளி ஊத்தாத, மோரு ஊத்தாத. பச்சையா களிம்பு கக்கும், வயித்துக்கு ஆவாது. பாலுக்கு ஒண்ணும் ஆவாது, ஊத்திக்கோ."

அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சண்டை எங்கேயோ நடந்தது. சத்தார் பாய் சுண்ணாம்புக் காளவாயில் கூலிக்குப் போனார். சொம்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

தணிகாசலத்துக்கு முதலில் நாட்டு வைத்தியர் கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். அதையும் சொம்பில்தான் கலக்கினாள். வயிற்று வீக்கம் இறங்கவில்லை. பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்தக் குலைக்கட்டிக்கென்றே தனியாக வார்டு வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். பரசுராமன் ரயில் பாஸ் எழுதி வாங்கினான். அரக்கோணத்தில் வண்டி மாறி, நிற்க இடமில்லாமல் பட்டாளத்துக்காரர்களுக்கு நடுவே நின்று, போய்ச் சேர்ந்தார்கள். மணியம்மையின் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் வழிக்கு வேண்டிய பாலோடு சொம்பு.

வார்டில் வரிசையாகத் தொட்டில்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே வயிறு, ஒரே கண். மணியம்மைக்குத் தன் வீட்டுக்கு வந்த சனியன் தனக்கு மட்டும் வந்ததில்லை என்று கண்ட அந்த ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அடுத்த கணம் அப்படி நினைத்ததற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

ஆராய்ச்சி டாக்டர் ராஜவேலு சின்ன வயசுக்காரர். தூக்கமில்லாத முகம். குழந்தையைத் தொடுவதற்கு முன் தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அதிலேயே மணியம்மைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் கேட்காத கேள்வி கிடையாது. குடிதண்ணீர் கிணறா குளமா? எருமை என்ன தின்கிறது? மாசமாக இருந்தபோது மண் தின்றாளா? எந்த எண்ணெய்?

"உறவுல கல்யாணமா?"

"ஆங். எங்க ஊட்டுக்காரரு, பாவா, என் அத்த மவன்தாங்க."

"தாய்ப்பால்?"

"வேலைக்குப் பூடுவேன் சாமி. எருமப் பாலுதான். நல்ல பாலு."

"நல்ல பால்தான்" என்று டாக்டர் தலையை ஆட்டினார். "இப்பவும் பாலைத் தவிர வேற எதுவும் குடுக்காதே. ஈரல் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்."

பிறகு பரசுராமனிடம் சொன்னார்: பிள்ளை சாப்பிடுகிற எல்லாவற்றிலும் கொஞ்சம் வேண்டும், பரிசோதிக்க வேண்டும். கம்பவுண்டர் மூன்று கண்ணாடிப் புட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தண்ணீருக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. வெந்நீரில் கொதிக்கவைத்து, வாயில் பஞ்சு அடைத்து, பார்க்கவே கண் கூசுகிற மாதிரி சுத்தமாக இருந்தன.

மணியம்மை தொட்டிலடியிலிருந்து சொம்பை எடுத்து நீட்டினாள். "பாலு இதுலயே கீதுங்க சாமி. எப்பவும் இதுலதான் காய்ச்சி வெக்கறது. இதுலேர்ந்தே எட்துக்குங்க."

கம்பவுண்டர் சொம்பைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "சீ, உங்க வூட்டு ஏனத்துல இருக்கறதெல்லாம் இங்க உதவாது. அழுக்குல ஆயிரம் பூச்சி இருக்கும். எருமை மடியிலேர்ந்து நேரா இந்தப் புட்டியில கறந்துகினு வரணும். உங்க சட்டி பானை ஒண்ணுலயும் படக்கூடாது, தெரிதா?"

மணியம்மைக்குச் சுருக்கென்றது. வயிற்றுப் பிள்ளை சாகக் கிடக்கிற இடத்திலும் அந்த வார்த்தை தைத்தது. அழுக்கா? திருத்தணியில் அவள் தேய்த்ததைவிடச் சுத்தமான பாத்திரம் ஒன்று உண்டா? சொம்பைத் தொட்டிலடியில் திரும்ப வைத்தாள். டாக்டர் அப்போது அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டிருந்தார்.

பரசுராமன் ஊருக்குப் போய், கெங்கம்மாளை எருமையடியில் உட்காரவைத்து, புட்டியில் நேராகக் கறந்து, பஞ்சு அடைத்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு சொட்டு வேறெதிலும் படவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் அவன்.

ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்குக் காலையும் மாலையும் பால் அளந்து ஊற்றினார்கள். எதில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். மணியம்மை சொம்பில் வாங்கினாள். தணிகாசலம் குடிக்கக் குடிக்க வயிறு பெருத்தது. கையும் காலும் குச்சியாக, கண் மஞ்சளாக, தோலெல்லாம் பிறாண்டிப் பிறாண்டிப் புண்ணாக, அவன் அம்மாவை அடையாளம் தெரியாமல் பார்த்தான். "நைனா" என்று மட்டும் சொல்வான். நைனா அப்போது மணவூர்ப் பக்கம் தண்டவாளத்துக் கட்டை மாற்றிக்கொண்டிருப்பான். லீவு தீர்ந்துபோயிருந்தது.

ஒருநாள் விடிகிற நேரத்தில் தணிகாசலம் இரத்தமாக வாந்தியெடுத்தான். இரண்டாவது வாந்திக்கு அவனிடம் மூச்சில்லை.

பரசுராமன் தந்தி கிடைத்து வந்து சேர்ந்தபோது, ராஜவேலு டாக்டர் மணியம்மைக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பொய் சொல்லமாட்டேன். உங்க பிள்ளையை என்னால காப்பாத்த முடியல. இந்த வார்டுல ஒரு பிள்ளையைக்கூட நான் காப்பாத்தினதில்ல. ஈரலுக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கே தெரியாது. எடுத்து, பூதக்கண்ணாடியில வெச்சுப் பாக்கணும். பாத்தாத்தான் அடுத்த பிள்ளைக்காவது வழி தெரியும். நீங்க சரின்னு சொன்னாத்தான் தொடுவேன்."

"மண்ணுக்குப் போற ஒடம்ப அறுக்கறதா?" பரசுராமன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். "எங்க சனம் காரித் துப்பும் சாமி. பச்சக் கொழந்த. அதுக்கு இன்னா தெரியும்? வேணாம், குட்த்துடுங்க, நான் எட்துகினு போறேன்."

மணியம்மை அழவில்லை. அவள் வயிற்றில் இன்னொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அது புருஷனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

"பாவா" என்றாள். "ரெண்டு புள்ளையும் பூட்ச்சி. உள்ள இருக்கறதும் இதே வழியில போறதுக்கா நான் சொமக்கறேன்? இவன் போறதுதான் போறான், தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஒரு வழி சொல்லிட்டுப் போவட்டும்." பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "எட்துக்குங்க சாமி. ஆனா இன்னாத்தால வந்துதுன்னு எனக்குச் சொல்லணும். சும்மா எட்துக்கக் கூடாது."

"சொல்றேன்" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் மனதாரத்தான் சொன்னார்.

ரயிலில் பிணத்தை ஏற்ற விடமாட்டார்கள். பட்டணத்திலேயே, பெயர் தெரியாத ஒரு மைதானத்தில், தையல் போட்ட பிள்ளையைப் புதைத்தார்கள். திரும்பி வரும்போது மணியம்மையின் மடியில் பிள்ளை இருந்த இடத்தில் சொம்பு இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, சொம்பில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, "பத்மான்னு யாரு, பொண்ணா?" என்று கேட்டாள். மணியம்மை, "ஆங், பொண்ணு" என்றாள்.

மழை ஓய்ந்த பிறகு, நிறை வயிற்றோடு அவள் பட்டணத்துக்குப் போனாள். பதில் வாங்க. வார்டில் அவளை யாருக்கும் ஞாபகமில்லை. ராஜவேலு டாக்டருக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சோதனைச் சாலைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஏதோ மிதந்தது. பாலுக்குக் கொடுத்த அதே மாதிரிப் புட்டிகள்தான். எது தன்னுடையது என்று அவள் கேட்கவில்லை.

பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். முதலில் அவளுக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஊதாவும் சிவப்புமாகக் கிழிந்த கொசுவலை மாதிரி ஒன்று. அதில் தணிகாசலம் எங்கேயும் இல்லை.

"ஈரல்ங்கறது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால ஆனது. நல்ல ஈரல்ல அதெல்லாம் ஒழுங்கா அடுக்கின மாதிரி இருக்கும். இங்க பாரு, ஒவ்வொண்ணா செத்து, அந்த இடத்துல நார் மண்டியிருக்கு."

"எத்தால சாமி செத்துது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதோ ஒரு விஷம்னு நான் நினைக்கறேன். ஒரே நாள்ல போனதில்ல. தினம் கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்கா உள்ள போய்ச் சேர்ந்திருக்கு. ஆனா எது, எது வழியா வந்துதுன்னு தெரியல. நீங்க கொண்டுவந்த தண்ணியைப் பாத்தேன், குற்றமில்ல. அரிசி, குற்றமில்ல. பாலை நானே என் கையால சோதிச்சேன். பாலில் ஒரு குற்றமும் இல்ல."

"அப்ப இதுக்கு?" அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"நல்ல பாலாக் குடு. நிறையக் குடு" என்றார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். இத்தனை படித்த மனுஷன் கையாலாகாமல் நிற்கிறாரே என்று அவள் அவருக்காகவும் பரிதாபப்பட்டாள்.

பெண் பிறந்தது. வள்ளிநாயகி என்று பெயர் வைத்தார்கள். மணியம்மை தீட்டுக் கழிந்ததும் சத்திரத்துக்குப் போனாள். பரசுராமன் சொம்பைப் பரணில் போட்டுவிடலாம், பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகள் நினைப்பு வருகிறது என்றான். "ஊட்ல கீற நல்ல ஏனம் அது ஒண்ணுதான். இவளுக்கு மட்டும் மண் சட்டியா?" என்று அவள்தான் எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, பால் ஊற்றினாள்.

சண்டை முடிந்து, அடுத்த கிருத்திகைக்கு முன்னால், சத்தார் பாய் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு சத்திரத்துக் கொல்லையில் வந்து இறங்கினார். எங்கேயோ அலைந்து கொஞ்சம் வெள்ளீயம் பிடித்திருந்தார். குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மிதித்தார். மணியம்மை தேய்த்துத் தேய்த்துக் கொடுத்த அண்டாக்கள் நெருப்பில் சிவந்தன. ஈயம் பிடிக்கத் தூவுகிற நவாச்சாரத்தின் புகை கண்ணைக் கரித்தது. பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தார், உள்ளே நிலா உதித்த மாதிரி வெள்ளை பரவியது. யாத்திரைக்காரர்களின் சாம்பாருக்கும் புளியோதரைக்கும் இனிப் பயமில்லை. ஏஜெண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்த்தார்.

கடைசி அண்டா முடிந்தபோது பாயின் கையில் ஒரு கொட்டைப்பாக்களவு ஈயம் மிஞ்சியிருந்தது. குரலைத் தாழ்த்தி, "மணியம்மா, உன் சொம்ப எட்தா. நெருப்பு இருக்கச் சொல்லவே பூசிடறேன்" என்றார். பிள்ளைகள் போன கதை அவருக்குத் தெரியும். அவரால் ஆனது அதுதான்.

அவள் ஓடினாள். வீட்டில் சொம்பு நிறையப் பால் இருந்தது, மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் வேண்டிய பால். எதில் ஊற்றுவது? வீட்டுச் சட்டிகளிலெல்லாம் குழம்பு வாசனை. கெங்கம்மாள் வீட்டுக்கு ஓடி, ஒரு புதுச் சட்டி வாங்கி, கழுவி, பாலைக் கவிழ்த்து, சொம்பைச் சாம்பல் போட்டு ஒரு அலசு அலசி எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்கத் திரும்பினாள்.

குழியில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். ஏஜெண்டு வீட்டு வேலைக்காரன் ஒரு காபிக் கூஜாவைத் துண்டால் பிடித்து எடுத்துக்கொண்டு போனான். அதன் உள்ளே வெள்ளை மினுமினுத்தது.

சத்தார் பாய் தலையை நிமிர்த்தவில்லை. "கடோசீல ஏஜெண்டு அவுரு கூஜாவ அனுப்பிட்டாரும்மா. இல்லன்னு சொன்னா அடுத்த வாட்டி இந்த வாசல்ல கால் வெக்க முடியுமா? அடுத்த தபா வந்தா மொதல்ல உன்துதான். அல்லா மேல ஆண."

மணியம்மைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. "அத்தால இன்னா பாய், வுடு" என்றாள். "நான் இன்னா புளியா ஊத்தப் போறேன்? பாலுதான. பால்ல ஒரு குத்தமும் இல்லன்னு பட்டணத்து டாக்டரே சொல்லிட்டாரு."

வீட்டுக்கு வந்து, சட்டியிலிருந்த பாலைத் திரும்பச் சொம்பில் ஊற்றி மூடி வைத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வள்ளிநாயகியைக் காலில் கிடத்திக்கொண்டாள். சொம்பின் கழுத்தில், பால் படிந்து காய்ந்த இடத்தில், பச்சையாக ஒரு கோடு ஓடியிருந்தது. முந்தானையால் அதை அழுந்தத் துடைத்துவிட்டுப் பாலாடையை நிரப்பினாள். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. தீர்ந்ததும், சொம்பைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்த ஆடையை ஒன்றும் வீணாக்காமல் விரலால் வழித்து, அதன் நாக்கில் தடவினாள்.